திரை காட்டுமுன் மாணவர் சொல்லட்டும்

(அறிவியல் ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே கூடியிருப்பவர்களில் பெரும்பாலோர் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அறிவியல் நடத்துகிறவர்கள். உங்களில் பலருடைய பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. வராத பள்ளிகளுக்கும் வரவேண்டும் என்பதே நம் எல்லோருடைய விருப்பம். அந்தப் பலகையில் அறிவியல் கற்பிக்க உதவும் டிஜிட்டல் வளங்களைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இணையதளங்களின் பட்டியல் ஒன்றை வாசித்து முடித்துக்கொள்ளலாம். ஆனால் பட்டியல் சீக்கிரம் பழசாகிவிடும். நல்ல வளம் எது, அதை வகுப்பில் எப்படிக் கையாள்வது என்று தெரிந்துவிட்டால் பட்டியலை நீங்களே எழுதிக்கொள்வீர்கள்.

ஆகவே ஒரே ஒரு கருத்தைத்தான் இன்று வலியுறுத்தப் போகிறேன். திரை விடையைக் காட்டுவதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று மாணவர் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்ல இடம் கொடுக்கிற வளம் நல்ல வளம். இடம் கொடுக்காதது எவ்வளவு அழகாக இருந்தாலும் அறிவியல் வகுப்புக்குப் போதாது.

லண்டன் தந்த பாடம்

இந்தப் பலகை நேற்று முளைத்ததல்ல. கனடாவின் கால்கரி நகரில் டேவிட் மார்ட்டின், நான்சி நோல்டன் இருவரும் நிறுவிய நிறுவனம் 1991-இலேயே ஸ்மார்ட் போர்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2000-களின் தொடக்கத்தில் பிரிட்டன் அரசு இதில் பெரும் நம்பிக்கை வைத்தது. லண்டன் மாநகரின் இடைநிலைப் பள்ளிகளில் கணிதம், அறிவியல், ஆங்கிலம் ஆகிய முதன்மைப் பாடங்களில் குறைந்தது ஒன்றுக்காவது பலகைகளை வாங்க நிதி தந்தது. பிறகு, இதனால் பிள்ளைகளின் கற்றல் உயர்ந்ததா என்று ஆராயும் பொறுப்பை லண்டன் கல்வியியல் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஜெம்மா மாஸ் தலைமையிலான குழுவின் அறிக்கை 2007-இல் வெளிவந்தது.

அந்த அறிக்கையை ஒவ்வோர் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும். பலகைகள் முழுமையாகப் பொருத்தப்பட்ட முதல் கல்வியாண்டில், மாணவர் தேர்ச்சியில் அவற்றால் விளைந்த முன்னேற்றம் என்று எதையும் புள்ளிவிவரங்களில் அவர்களால் காண முடியவில்லை. காரணங்களையும் அவர்கள் வகுப்பறைகளுக்குள் உட்கார்ந்து கவனித்தார்கள். பல இடங்களில் பாடம் வேகமாக நகர்ந்தது. யோசிக்கும் நேரம் குறைந்தது. தொடுவதும் இழுப்பதும் நடந்தன. கருத்தைப் பற்றிய பேச்சு அதே அளவுக்கு வளரவில்லை. கற்றலில் பின்தங்கிய பிள்ளைகள் இருந்த வகுப்புகளில், ஒவ்வொருவராகப் பலகைக்கு வந்து போனதிலேயே மொத்த வகுப்பின் ஓட்டமும் தடைப்பட்டது.

பலகை வேண்டாம் என்று சொல்ல இதை நான் எடுத்துக்காட்டவில்லை. கருவியைத் தொடுவது ஒன்று, கருத்தைத் தொடுவது இன்னொன்று என்பதைப் பெரும் பொருட்செலவில் லண்டன் கண்டறிந்தது. அந்த அறிவு நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொண்டு நம் வகுப்பைத் தொடங்குவோம்.

பிள்ளைகள் வெறுங்கையோடு வருவதில்லை

மாணவர் எதுவும் தெரியாதவராக வகுப்புக்குள் வருவதில்லை. உலகம் எப்படி இயங்குகிறது என்பதற்குத் தமக்கென ஒரு விளக்கத்தோடு வருகிறார். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோசலிண்ட் டிரைவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த விளக்கங்களைச் சேகரித்து ஆராய்வதில் செலவிட்டார். விளக்கு எரியும்போது மின்னோட்டம் கொஞ்சம் செலவாகிவிடுகிறது. கனமான பொருள் முதலில் விழும். கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது. இப்படிப்பட்ட எண்ணங்கள் நாடு, மொழி கடந்து எங்கும் காணப்படுகின்றன. அன்றாட அனுபவத்திலிருந்து பிள்ளைகள் தாமே கட்டியவை என்பதால் எளிதில் அசைவதுமில்லை.

எவ்வளவு உறுதியானவை என்பதற்கு 1987-இல் வெளிவந்த ‘எ பிரைவேட் யுனிவர்ஸ்’ என்ற ஆவணப்படம் சான்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு நாளில் மாணவர்களிடமும் பேராசிரியர்களிடமும் பழைய மாணவர்களிடமும் பருவகாலங்கள் ஏன் மாறுகின்றன, நிலவின் பிறைகள் எப்படித் தோன்றுகின்றன என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார்கள். 23 பேரில் 21 பேரின் விளக்கம் தவறாக இருந்தது.

ஒரு நல்ல வீடியோவைப் போட்டுக் காட்டினால் இத்தகைய தவறான எண்ணம் மாறிவிடாதா? ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் டெரெக் முல்லர் தம் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்தது இதைத்தான். தெளிவாக, பிசிறில்லாமல் சரியான விளக்கத்தை மட்டும் தந்த வீடியோவைப் பார்த்தவர்கள், நன்றாகப் புரிந்தது என்றார்கள். ஆனால் தேர்வில் அவர்களுடைய முன்னேற்றம் குறைவு. தவறான எண்ணத்தை முதலில் ஒருவர் வாயால் சொல்லவைத்து, அதைக் கேள்விக்குள்ளாக்கிய வீடியோவைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள்; அவர்களே அதிகம் கற்றார்கள். ஏனென்றால் தெளிவான வீடியோவைப் பார்க்கும் பிள்ளை, தான் ஏற்கெனவே நினைத்ததைத்தான் திரையும் சொல்கிறது என்று எண்ணிக்கொள்கிறது. முரண்பாடு கண்ணில் படுவதே இல்லை.

ஆகவேதான் கணிப்பை முதலில் வைக்கச் சொல்கிறேன். கணி, கவனி, விளக்கு என்ற மூன்று படிகளை ரிச்சர்ட் ஒயிட், ரிச்சர்ட் கன்ஸ்டன் ஆகிய ஆஸ்திரேலியக் கல்வியாளர்கள் 1992-இல் வெளியான தங்கள் நூலில் விரிவாக எடுத்துரைத்தார்கள். சாதாரணக் கரும்பலகை வகுப்புக்கே பொருந்தும் முறை அது. ஸ்மார்ட் போர்டில் அதன் வலிமை பன்மடங்காகிறது. எப்படி என்பதை மூன்று பாடங்களில் காட்டுகிறேன்.

மின்சுற்று

முதல் வளம் ஃபெட் சிமுலேஷன்கள். 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. இன்று முற்றிலும் இலவசம். தமிழ் உட்பட உலகின் பல மொழிகளில் கிடைக்கிறது. தனித்தனிக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாதபோதும் இயங்கும். தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களிலேயே இணையச் செயல்பாடு என்ற பகுதியில் இவற்றுக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் ஸ்கேன் செய்தால் போதும்.

இதில் மின்சுற்று அமைக்கும் சிமுலேஷனைத் திறந்து, ஒரு மின்கலமும் ஒரு விளக்கும் ஒரு சாவியும் கொண்ட சுற்றை அமையுங்கள். மின்கலம் 9 வோல்ட், விளக்கின் மின்தடை 10 ஓம் என்று இருக்கட்டும். விளக்குக்கு முன்னால் ஓர் அம்மீட்டர், விளக்குக்குப் பின்னால் ஓர் அம்மீட்டர். சாவியை மூடாதீர்கள். இப்போது கேளுங்கள்: இரண்டு அம்மீட்டர்களில் எது அதிகம் காட்டும்? ஒவ்வொரு பிள்ளையும் சிலேட்டிலோ ஏட்டிலோ விடையை எழுதட்டும். பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்லட்டும். ‘முதல் அம்மீட்டர் அதிகம்’, ‘இரண்டாவது அதிகம்’, ‘இரண்டும் சமம்’ என்று மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கை தூக்கினார்கள் என்பதைப் பலகையின் பேனாவாலேயே ஓரத்தில் குறியுங்கள்.

பிறகு சாவியை மூடுங்கள். இரண்டிலும் 0.9 ஆம்பியர். விளக்கில் ஏதோ செலவாகிறது என்று எழுதிய பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். கற்றல் தொடங்கும் நொடி அது. ‘ஒளியும் வெப்பமும் வருகின்றனவே, பிறகு எதுதான் செலவாகிறது?’ என்ற கேள்வியை அவர்களே கேட்பார்கள். மின்னோட்டத்தையும் ஆற்றலையும் பிரித்துக் காட்ட அதைவிட நல்ல வாய்ப்பு வாய்க்காது. திரையில் எலக்ட்ரான்கள் சுற்று முழுவதும் ஒரே சீராக நகர்வதைச் சுட்டிக்காட்டுங்கள். மின்கம்பிக்குள் நடப்பதைக் காட்ட எந்தப் பள்ளி ஆய்வகக் கருவியாலும் முடியாது. சிமுலேஷனின் தனிப்பெருமை இதுதான்.

அடுத்து இன்னொரு விளக்கைத் தொடரிணைப்பில் சேருங்கள். மீண்டும் கணிப்பு, பிறகு காட்சி: 0.45 ஆம்பியர். பக்க இணைப்பில் சேருங்கள். கணிப்பு, காட்சி: ஒவ்வொரு விளக்கிலும் 0.9, மின்கலத்திலிருந்து 1.8. கோயில் திருவிழாவில் தொங்கும் பழைய சீரியல் செட்டில் ஒரு குண்டு பல்பு போனால் மொத்தச் சரமும் அணைவதும், வீட்டில் ஒரு விளக்கு போனால் மற்றவை எரிவதும் ஏன் என்று இப்போது பிள்ளைகள் விளக்குவார்கள். அந்தச் சிறு பல்புகள் 230 வோல்ட்டில் ஏன் கருகவில்லை என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.

பலகைக்கு ஒரு பிள்ளையை அழைக்கும்போது ஒரு விதி வையுங்கள். பலகை முன் நிற்பவர் தம் விருப்பப்படி எதையும் செய்யக் கூடாது. வகுப்பு சொல்வதைத்தான் செய்ய வேண்டும். ‘அந்தக் கம்பியின் நுனியை விளக்கின் அடிப்பக்கத்தில் இணை’ என்று பெஞ்சில் இருப்பவர்கள் துல்லியமாகச் சொல்லியாக வேண்டும். லண்டனில் ஒருவர் எழுந்து நடக்க மற்றவர்கள் காத்திருந்தார்கள். இங்கே ஒரு கை இயங்க நாற்பது தலைகள் யோசிக்கும்.

சிமுலேஷனில் கற்றது உண்மையான சுற்றுக்கு உதவுமா என்ற ஐயம் நியாயமானது. நோவா ஃபிங்கல்ஸ்டைனும் சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. இதே மின்சுற்று சிமுலேஷனில் பயின்ற கல்லூரி மாணவர்களையும், உண்மையான கம்பி, விளக்குகளில் பயின்றவர்களையும் ஒப்பிட்டார்கள். கருத்துத் தெளிவில் சிமுலேஷன் குழு முந்தியது. பின்னர் நிஜச் சுற்றைக் கையால் அமைத்து விளக்கச் சொன்னபோதும் அவர்களே சிறப்பாகச் செய்தார்கள்.

ஆனாலும் மேசையில் நிஜக் கம்பிகளை எடுத்து வைக்காமல் பாடத்தை முடிக்காதீர்கள். டார்ச் பல்புகள் இரண்டைத் தொடரில் இணைத்து உண்மையான அம்மீட்டரில் பாருங்கள். மின்னோட்டம் சரிபாதியாகக் குறையாது. பாதிக்குச் சற்று அதிகமாகவே இருக்கும். நிஜ பல்பின் மின்னிழை சூடேறும்போது அதன் தடையும் ஏறும். இரண்டு பல்புகள் மங்கலாக எரிகையில் இழையின் சூடு குறைவு, ஆகவே தடையும் குறைவு. திரையும் மேசையும் ஒத்துப்போகாத அந்த இடத்தில்தான், மாதிரி என்றால் என்ன, இயற்கை என்றால் என்ன என்று பிள்ளைக்கு விளங்கும்.

விழும் பந்து

இரண்டாவது வளத்தை நீங்களே தயாரிக்கலாம். உங்கள் கைப்பேசியும் ஒரு ரப்பர் பந்தும் ஒரு மீட்டர் அளவுகோலும் போதும். சுவரில் அளவுகோலை நிறுத்தி, அதன் அருகே பந்தை விடும் காட்சியைப் படம் பிடியுங்கள். வழக்கமான கைப்பேசி வீடியோவில் நொடிக்கு 30 பிரேம்கள். மூன்று பிரேம்களுக்கு ஒருமுறை நிறுத்தினால் பத்தில் ஒரு நொடி.

பலகையில் வீடியோவை ஓடவிட்டு, பந்து கைவிட்டு நீங்கும் பிரேமில் நிறுத்தி, பந்தின் மேல் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். மூன்று பிரேம் தள்ளி அடுத்த புள்ளி. இப்போது மூன்றாவது புள்ளி எங்கே விழும் என்று கேளுங்கள். சமதூரத்தில் விழும் என்று நினைக்கும் பிள்ளை அங்கே குறிக்கும். வேறொருவர் இன்னும் கீழே குறிப்பார். இருவரும் காரணம் சொல்லட்டும். பிறகு வீடியோவை நகர்த்துங்கள்.

புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரங்கள் ஏறக்குறைய 4.9, 14.7, 24.5 சென்டிமீட்டர் என்று வரும். முதல் தூரத்தால் மற்றவற்றை வகுக்கச் சொல்லுங்கள்: 1, 3, 5. கலிலியோ கண்ட ஒற்றைப்படை எண்களின் ஒழுங்கு உங்கள் வகுப்புச் சுவரிலேயே எழுந்து நிற்கும். உங்கள் அளவீட்டில் சிறு பிழைகள் இருக்கும். ஏன் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். பந்து மங்கலாகத் தெரிகிறது, கேமரா சற்றுச் சாய்ந்திருக்கிறது, கைவிட்ட கணம் பிரேமோடு சரியாகப் பொருந்தவில்லை. பிழையைத் தேடிப் பிடிப்பதும் அறிவியல்தான். இன்னும் நுணுக்கமாக அளக்க விரும்புவோருக்கு டிராக்கர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

ஓடும் காட்சியின் மேல் எழுதுவது கரும்பலகையால் முடியாது. வெறும் புரொஜெக்டராலும் முடியாது. ஸ்மார்ட் போர்டின் உண்மையான பலம் இந்தப் பேனா. காசு கொடுத்து வாங்கிய அனிமேஷன்களைவிட இந்தப் பேனாவை நான் உயர்வாக மதிக்கிறேன்.

உச்சி வெயிலும் நிழலும்

மூன்றாவது வளம் ஸ்டெல்லேரியம். எந்த ஊரின் வானத்தையும் எந்த நாளுக்கும் எந்த நேரத்துக்கும் காட்டும் இலவச மென்பொருள். சென்னையை இடமாக வைத்துக்கொள்ளுங்கள். மாணவரிடம் கேளுங்கள்: ஜூன் 21 அன்று சூரியன் உச்சிக்கு வரும்போது, நட்டுவைத்த கம்பின் நிழல் எந்தப் பக்கம் விழும்? வடக்கு என்பார்கள் சிலர். நிழலே விழாது என்பார்கள் பலர். எல்லாவற்றையும் பலகையில் குறித்துக்கொண்டு பிறகு நாளையும் நேரத்தையும் மாற்றுங்கள். சூரியன் சென்னைக்கு வடக்கே நிற்பதைக் காண்பார்கள். ஒரு மீட்டர் கம்பின் நிழல் தெற்கே சுமார் 18 சென்டிமீட்டர் விழும். டிசம்பர் 21-க்கு மாற்றினால் அதே கம்பு வடக்கே ஏறக்குறைய 74 சென்டிமீட்டர் நிழல் தரும்.

அப்படியானால் நிழல் கம்பின் அடியிலேயே ஒடுங்கும் நாள் ஒன்று இருந்தாக வேண்டும் அல்லவா? பிள்ளைகளே தேடட்டும். சென்னைக்கு ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் ஆண்டுக்கு இரண்டு முறை அது நிகழ்கிறது. ஏப்ரலில் இந்த நாள் கன்னியாகுமரி, மதுரை, திருச்சி, சென்னை என்று தெற்கிலிருந்து வடக்கே ஏறும். ஆகஸ்டில் சென்னையில் தொடங்கித் தெற்கே இறங்கும். ஆகஸ்டில் பள்ளி திறந்திருக்கும். திரையில் கணித்த நாளில் கம்போடும் அளவுகோலோடும் வகுப்பை மைதானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அன்று கடிகாரத்தில் 12 அடித்துச் சில நிமிடங்கள் கழித்தே சென்னையில் சூரியன் உச்சிக்கு வரும் என்பதையும் அவர்கள் அளந்தே அறியட்டும்.

இதே பாடத்தில்தான் கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது என்ற எண்ணமும் உடைய வேண்டும். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், தூரம் 14.7 கோடி கிலோமீட்டர். மிக விலகிப் போவது ஜூலைத் தொடக்கத்தில், 15.2 கோடி கிலோமீட்டர். மார்கழிக் குளிரில்தான் நாம் சூரியனுக்கு அருகே இருக்கிறோம் என்பதை எண்களோடு வையுங்கள். தாம் அளந்த நிழலின் நீளத்தையும் பருவத்தையும் பிள்ளைகள் சேர்த்துப் பார்ப்பார்கள்.

திரை சொல்லாதவை

எந்தத் திரையும் முழு உண்மையைச் சொல்வதில்லை. சூரியக் குடும்ப அனிமேஷன்கள் பெரும்பாலும் கோள்களை அருகருகே நிறுத்திவிடுகின்றன. சூரியன் ஒரு மீட்டர் குறுக்களவுள்ள பந்து என்றால், பூமி 9 மில்லிமீட்டர் உருண்டை. அது நிற்க வேண்டிய இடம் ஏறக்குறைய 107 மீட்டர் தள்ளி. அந்தத் தொலைவு பலகையில் அடங்காது; பள்ளி மைதானத்தில் நடந்துதான் உணர முடியும். கண்ணைக் கவரும் அலங்காரங்களிலும் எச்சரிக்கை வேண்டும். பாடத்துக்குத் தொடர்பில்லாத இசையும் படங்களும் கற்றலைக் குறைக்கின்றன என்பதை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளில் நிறுவியிருக்கிறார்.

ஒரு வளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் மாணவர் எதையாவது மாற்றிப் பார்க்க முடியுமா? விளைவைக் காட்டாமல் நடுவில் நிறுத்திவைக்க முடியுமா? இதற்கு இணையாக மேசையிலோ மைதானத்திலோ செய்ய ஒன்று இருக்கிறதா? தமிழ்நாடு அரசின் மணற்கேணி செயலியில் வரும் அனிமேஷன் பாடங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். முழுக் காட்சியையும் ஓடவிட்டுக் கைகட்டி நிற்காதீர்கள். விளைவு தெரியும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள், கேள்வி கேளுங்கள், கை எண்ணுங்கள், பிறகு தொடருங்கள். வெறும் வீடியோவும் அப்போது வினாவாக மாறிவிடும்.

தலைமையாசிரியர்களிடமும் கல்வி அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள். எத்தனை மணி நேரம் பலகை இயக்கப்பட்டது என்ற கணக்கு ஆசிரியரைத் திரையை ஓடவிடத் தூண்டும், யோசிக்கவைக்கத் தூண்டாது. வகுப்பில் எத்தனை பிள்ளைகள் காரணம் சொன்னார்கள் என்று பாருங்கள். ஆசிரியருக்குப் பயிற்சி தரும்போது பலகையின் பொத்தான்களை ஒரு மணி நேரம் கற்பித்தால், ஒரு பாடத்தின் கேள்விகளைத் திட்டமிட இரண்டு மணி நேரம் கொடுங்கள். பலகை வந்ததைக் காரணம் காட்டி ஆய்வகத்துக்கான செலவைக் குறைக்காதீர்கள். ஐந்து விளக்குகளும் பத்து கம்பிகளும் ஒரு பெட்டி மின்கலங்களும் அந்தப் பலகைக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

ஆசிரியத் தோழர்களே, உங்களிடம் கேட்பது அதிகமில்லை. வரும் பருவத்துக்கு உங்கள் பாடநூலிலிருந்து ஒரே ஒரு பாடத்தை எடுங்கள். அதில் பிள்ளைகள் தவறாக நினைக்கக்கூடியது எது என்று உடன் பணிபுரிவோரோடு பேசுங்கள். அந்த எண்ணத்தை வெளிக்கொணரும் ஒரு கேள்வியை எழுதுங்கள். அதற்கு ஏற்ற வளத்தைப் பிறகு தேடுங்கள். முதலில் வளத்தைத் தேடாதீர்கள். வகுப்பில் கிடைத்த கணிப்புகளை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு அதே பாடத்தை நடத்தும் இன்னோர் ஆசிரியரிடம் அதைக் கொடுங்கள். நம் பிள்ளைகள் நம் மொழியில் எப்படி யோசிக்கிறார்கள் என்ற அறிவு அப்படித்தான் நம்மிடையே சேரும். எந்த நிறுவனமும் அதை நமக்கு விற்க முடியாது. வகுப்பில் நின்று கேட்கும் ஆசிரியர்தான் அதைத் திரட்ட முடியும். அந்தப் பணியை வரும் பருவத்திலேயே தொடங்குவோம்.